மாமாவுக்கு இரண்டாம் பிறவி

என் அக்காவின் வீட்டுக்காரரை ஓர் இடத்தில் உட்கார வைத்தவர் இந்த உலகத்தில் கிடையாது. கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்திருக்கிறார், புரோகிதர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஹோமப் புகை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிறது. மாப்பிள்ளை சட்டென்று எழுந்தார். கழுத்து மாலையோடு நடந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். கூட்டம் சிரித்தது. அக்காவும் குனிந்தபடி சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும்.

மாமாவுக்கு ஜெனரேட்டர் பழுது பார்க்கிற வேலை. ஊர் ஊராகக் கூப்பிடுவார்கள், இவரும் கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் கிளம்பிவிடுவார். வீட்டுக்குள் வரும்போது எல்லாரும் செருப்பை உதறிவிட்டு வருவார்கள். இவர் வாசலில் திரும்பி நின்று, தெருவைப் பார்த்தபடி கழற்றிவிட்டு, பின்பக்கமாக ஓர் எட்டு வைத்து உள்ளே வருவார். மறுபடி புறப்படும்போது திருப்பிப் போடுகிற வேலை மிச்சமாம். அந்தச் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுடையது படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. அப்பா போன பிறகு மரம் அறுத்து மூலை சேர்ப்பது நான், கண்ணாடி வெட்டுவது அக்கா. கண்ணாடியின்மேல் வெட்டுக்கத்தியால் ஒரே கோடு இழுத்து, மேஜை விளிம்பில் வைத்து லேசாக அழுத்துவாள். சொன்னபடி பிளக்கும். அவள் கையில் கண்ணாடி தவறி உடைந்து நான் பார்த்ததில்லை.

கடைக்கு வருகிற படங்கள் மூன்று வகை. கல்யாணப் படம், சாமிப் படம், செத்தவர் படம். சாமிப் படம் வாங்க வருகிறவர்கள் சுவரையே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எந்தச் சாமிக்குச் சக்தி ஜாஸ்தி என்று கேட்பார்கள். அக்கா சலிக்காமல் ஒரே பதிலைச் சொல்லுவாள்.

"எல்லாம் ஒண்ணுதாங்க. எந்த முகத்தைப் பார்த்தா உங்க மனசு நிக்குதோ, அதை எடுத்துட்டுப் போங்க."

மாமாவின் மனசு எந்த முகத்திலும் நிற்கவில்லை. அக்கா காலையில் விளக்கேற்றிக் கண்ணை மூடினால் உலகமே அவளுக்கு மறந்துபோகும். பக்கத்தில் மாமா நிற்பார். திரியைத் தூண்டுவார், மணியின் நாக்கு சரியாக ஆடுகிறதா என்று பார்ப்பார், பிறகு காணாமல் போய்விடுவார். வேலைக்குப் போகிற ஊரில் கோயில் இருந்தால் போவார். அங்கிருந்து இன்னொரு கோயில். அதற்கப்பால் மலைமேல் இன்னொன்று.

ஒரு தடவை எரிச்சலில் கேட்டேன். "ஏன் மாமா, நம்ம தெருக் கோயில்ல இருக்கற சாமி என்ன பாவம் பண்ணுச்சு?"

"இருக்காரு மச்சான். ஆனா அவரு என்னைப் பார்த்த மாதிரியே தெரியலை. எங்கேயோ ஒரு இடத்துல பார்ப்பாருன்னு தோணுது."

"நீங்க நின்னாத்தானே அவரு பார்க்க முடியும்?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். கோபித்துக்கொள்ளவும் தெரியாத மனிதர். அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

அப்படிப் போன ஒரு பயணத்தில்தான் ஆற்றைக் கடக்கிற படகு கவிழ்ந்தது. கரை ஒதுங்கியவர்கள் ஒதுங்கினார்கள். சிலர் கிடைக்கவே இல்லை. மாமா கிடைக்கவில்லை, அவருடைய கருவிப் பை மட்டும் கிடைத்தது. உள்ளே அவர் பெயரும் எங்கள் கடை முகவரியும் எழுதிய அட்டை நனைந்து ஒட்டியிருந்தது. செத்தவர்கள் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

காத்திருந்தோம். வெயில் போய் மழை வந்தது, மழையும் போனது. அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உறவுக்காரர்கள்தான் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தார்கள். கர்மம் பண்ணாமல் விட்டால் ஆத்மா அலையும் என்றார்கள். அலைவது அவருக்குப் புதிதா என்று வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டேன்.

உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிப்பது உண்டு. எங்கள் புரோகிதர் செய்து கொடுத்தார். பிள்ளை கிடையாது, கூடப் பிறந்தவர் கிடையாது. அதனால் கொள்ளி வைத்தது நான். புல் அல்லவா, குப்பென்று பற்றி, நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. அதிலும் அவசரம். எள்ளும் சோறும் பிசைந்து பிண்டம் வைத்தேன். வைத்த கையை எடுப்பதற்குள் ஒரு காக்கை வந்து கொத்திக்கொண்டு பறந்தது. சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "பார்த்தியா, வந்துட்டாரு. மனசு நிறைஞ்சு போறாரு."

வீட்டில் பெண்கள் அக்காவின் தாலியைக் கழற்றினார்கள், நெற்றியைத் துடைத்தார்கள். அவள் மரம்போல் உட்கார்ந்திருந்தாள். கழற்றட்டுமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. இந்த மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்றும் அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

புரோகிதர் நல்ல மனிதர். கிளம்பும்போது அக்காவிடம் வந்து நின்றார். "உங்க கடை வேலையையே நினைச்சுக்கோம்மா. சட்டம் உடைஞ்சா படத்துக்கு ஒண்ணும் ஆகறதில்லை. வேற சட்டம் போடறோம். உடம்பும் அப்படித்தான். அவருக்கு இந்நேரம் வேற சட்டம் கிடைச்சிருக்கும்."

"நல்ல கடையா பார்த்துப் போட்டிருந்தா சரி" என்றாள் அக்கா. அத்தனை நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அழுதோம்.

மாமாவின் படத்துக்கு நானே சட்டம் போட்டேன். கண்ணாடி அவள் வெட்டினாள். மாலை போட்டுக் கடைச் சுவரில் மாட்டினோம். வருஷா வருஷம் அந்தத் திதியில் நான் எள்ளும் தண்ணீரும் விட்டேன். அக்கா மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள். பிறகு வாடிக்கையாளரோடு பேரம் பேசினாள், என்னைக் கிண்டல் பண்ணினாள். விளக்கின் முன்னால் மட்டும் முன்பைவிட அதிக நேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று கேட்டதற்கு, "எங்கே பிறந்திருந்தாலும் அங்கேயாவது இருப்பு கொள்ளட்டும்னுதான்" என்றாள். வருஷங்கள் ஓடிவிட்டன.

ஒருநாள் காலை, கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நான் முதுகைக் காட்டிக்கொண்டு மரம் அறுத்துக்கொண்டிருந்தேன். யாரோ உள்ளே வந்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்கத் திரும்பினேன். தாடி வைத்த ஓர் ஆள், நேராகச் சுவருக்குப் போய், மாலை போட்ட மாமாவின் படத்தை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கிக்கொண்டிருந்தார்.

"ஆணி தளர்ந்திருக்கு மச்சான். ஒரு பக்கமா சாயுது" என்றார்.

அந்தக் குரலுக்கு நான் எத்தனை தடவை எள் இறைத்திருக்கிறேன். பயமா, சந்தோஷமா, ஒன்றும் புரியவில்லை. பிறகு வந்தது கோபம்தான். ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன். பிடித்த கையாலேயே கட்டிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு அக்கா கண்ணாடியும் கையுமாக உள்ளிருந்து வந்தாள். பார்த்தாள். கண்ணாடியைப் பத்திரமாக மேஜையில் வைத்தாள்.

"அந்த மாலையைக் கழட்டு தம்பி. உயிரோட இருக்கறவங்களுக்குப் போடக்கூடாது."

அவ்வளவுதான் சொன்னாள். வெட்டுக்கத்தியை எடுத்துக் கோடு இழுத்தாள். அழுத்தினாள். கண்ணாடி குறுக்கே கோணலாக உடைந்தது. இன்னொன்று எடுத்தாள். அதுவும் உடைந்தது.

மாமா கடைக்குள் நடந்துகொண்டே கதையைச் சொன்னார். படகில் இடம் பிடிக்கப் பையைப் போட்டாராம். ஆள் நிரம்பினால்தான் கிளம்புவோம் என்று படகுக்காரன் சொல்ல, இவருக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. பாலம் எங்கேயோ தள்ளி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நடந்தே அக்கரை போய்ப் பையை வாங்கிக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டார். அவர் அக்கரை போய்ச் சேர்ந்தபோது படகு இல்லை. மறுநாள் செய்தித்தாளில் தன் பெயரைப் பார்த்திருக்கிறார்.

"படிச்சதும் தலைமேல இருந்த மூட்டையை யாரோ இறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு மச்சான். சரி, செத்தாச்சு, இனிமே யாருக்கும் நாம பதில் சொல்ல வேண்டியதில்லைன்னு அப்படியே நடந்துட்டேன்."

பிறகு கோயில் கோயிலாகப் போய், கடைசியில் துறவிகள் இருக்கிற ஒரு மடத்தில் தங்கிவிட்டாராம். அவர்களுடைய ஜெனரேட்டரையும் தண்ணீர் மோட்டாரையும் பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். "பேப்பர்ல உங்க பேரைப் பார்த்தீங்களே, அதை நானும் பார்த்திருப்பேன்னு தோணலையா?"

மாமா சுவர்ப் பக்கம் திரும்பினார். பக்கத்திலிருந்த ஒரு சாமிப் படத்தை நேராக்கினார். அது நேராகத்தான் இருந்தது.

நான் வாசலை எட்டிப் பார்த்தேன். செருப்பு தெருவைப் பார்த்துக் கிடந்தது. அக்காவும் பார்த்தாள். அன்றைக்கு அவர் கடையிலேயே பாய் விரித்துப் படுத்தார்.

செய்தி பரவியதும் உறவுக்காரர்கள் திமுதிமுவென்று வந்தார்கள். முதலில் கட்டிப்பிடித்து அழுதவர்கள், அழுது முடித்ததும் யோசிக்க ஆரம்பித்தார்கள். கர்மம் பண்ணியாச்சே, இவரை வீட்டுக்குள் விடலாமா? பூஜை அறைக்குள் வரலாமா? அக்கா இப்போது சுமங்கலியா இல்லையா? ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். நான் போய்ப் புரோகிதரைக் கூட்டி வந்தேன்.

அவர் மாமாவைத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்குப் பிண்டம் கொத்திய காக்கை யார் என்று எனக்கு வந்த சந்தேகம் அவருக்கும் வந்திருக்க வேண்டும், என் முகத்தைப் பார்க்காமல் தலையைச் சொறிந்தார்.

"படிச்சிருக்கேன், பண்ணி வெச்சதில்லை. கர்மம் ஆனவர் திரும்பி வந்தா, புதுசா பிறந்தவர்னு கணக்கு. நெய்யும் தண்ணியும் இருக்கற பாத்திரத்துக்குள்ள உட்கார வெச்சு எடுக்கணும். கர்ப்பத்துலேர்ந்து வர்ற மாதிரி. அப்புறம் பேர் வெக்கணும். குழந்தைக்குப் பண்ற எல்லாம் பண்ணணும்."

"பொண்டாட்டி?" என்றேன்.

"பழைய பந்தம் நெருப்போட போயிடுச்சு. மறுபடி தாலி கட்டினாத்தான் பொண்டாட்டி. அதுவரைக்கும் இவர் யாரோ, இந்த அம்மா யாரோ."

மாமாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. "அப்ப இப்ப இவ எனக்கு யாருமில்லையா சாமி?" என்று இரண்டு தடவை கேட்டார். பாசத்தில் கேட்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான் நினைத்தேன். "அப்படின்னா கல்யாணத்தை வெச்சுக்குங்க" என்று உடனே சொல்லிவிட்டார்.

ஆள் உட்காரும் அளவுக்கு யார் வீட்டில் பாத்திரம் இருக்கிறது? பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் வாங்கித் தேய்த்துக் கழுவிப் பின்கட்டில் வைத்தோம். தண்ணீர் ஊற்றி நெய் விட்டு, மாமாவைக் குறுக்கி உள்ளே உட்கார வைத்தோம். முழங்கால் தாடையில் இடித்தது. புரோகிதர் மந்திரம் சொன்னார். பாதியிலேயே டிரம்முக்குள்ளிருந்து, "சாமி, அடியில ஒரு இடத்துல கசியுது" என்று குரல் வந்தது. வயிற்றுக்குள் இருக்கிற குழந்தை பேசக்கூடாது என்று நான் அதட்டினேன்.

பிறந்தார். துணியில் சுற்றினோம். நாக்கில் தேன் வைக்க வேண்டும். யார் வைப்பது என்று கேட்டபோது புரோகிதர் என்னைப் பார்த்தார்.

"கொள்ளி வெச்ச கையாலயே வைங்க."

எவ்வளவோ திட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். விரலில் தேனைத் தொட்டு, நரைத்த தாடிக்கு நடுவில் திறந்த அந்த வாயில் வைத்தேன். எனக்கு இவரை எவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. காதில் பழைய பெயரையே சொன்னேன். புதுப் பெயர் வைத்துவிட்டு அடையாள அட்டையை மாற்ற யார் அலைவது.

அக்கா தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு போனேன். அப்பா இல்லாததால் இந்தத் தடவை அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன் நான்.

"அக்கா, உனக்குச் சம்மதமா? நிஜமா கேட்கறேன். வேண்டாம்னா சொல்லிடு, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"நீயாவது கேட்டியே" என்றாள். பிறகு, "மணையில உட்கார்றேன். பதிலை அங்க சொல்றேன்" என்றாள்.

கல்யாணத்தைக் கடையிலேயே வைத்தோம். மேஜையை நகர்த்தி, செங்கல் அடுக்கி ஹோமகுண்டம் கட்டினோம். சுவர் முழுக்கச் சாமிகள் பார்த்துக்கொண்டிருந்தன. கூட்டம் கிடையாது. நாங்கள் நாலு பேர்தான். மாமாவை உட்கார வைத்தோம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். வெறும் நெற்றி. நெருப்பு ஏறியது. மாமாவின் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்தது. புகை உள்ளேயே சுற்றியது. அவர் கண் ஜன்னலுக்குப் போவதைப் பார்த்தேன். எழுந்தால் காலை முறித்துவிடுவது என்று நான் முடிவு பண்ணியிருந்தேன்.

புரோகிதர் தாலித் தட்டை எடுத்தார். அக்கா கையை நீட்டி நிறுத்தினாள்.

"கொஞ்சம் இருங்க சாமி. நெருப்பு முன்னாடி பொய் சொல்லக்கூடாதுன்னு சொல்லுவீங்கல்ல?" மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லுங்க. எதுக்கு வந்தீங்க?"

கட்டைவிரல் நின்றது.

"இருக்கத்தான் வந்தீங்களா?"

மாமா நெருப்பையே பார்த்தார். நல்லவர், பொய் சொல்லத் தெரியாதவர்.

"மடத்துல காவி கேட்டேன். சன்னியாசம். பெரியவர் தர மாட்டேன்னுட்டார். வீட்டுக்காரி உயிரோட இருக்கறப்ப அவ சம்மதம் இல்லாம தர்றதில்லை, போய் வாங்கிட்டு வான்னு சொன்னார்." தட்டில் இருந்த தாலியைப் பார்த்தார். "வந்த அன்னைக்கே கேட்கணும்னுதான் இருந்தேன். முடியலை. அதுக்குள்ள புரோகிதர், நீ எனக்கு யாருமே இல்லைன்னுட்டாரு. சம்மதம் குடுக்கணும்னா நீ பொண்டாட்டியா இருக்கணுமே. அதான் கல்யாணத்துக்கு..."

நான் எழுந்துவிட்டேன். நெய்க் கரண்டி கையில் இருந்தது. அதாலேயே போட்டிருப்பேன். புரோகிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விட்டுப் போவதற்காகத் தாலி கட்ட வந்தவனை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. தேன் வைத்த விரல் எரிந்தது எனக்கு.

அக்கா அழவில்லை. "உட்காரு தம்பி" என்றாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். செருப்பைப் பார்த்தேன்."

பிறகு அவரைப் பார்த்துத்தான் பேசினாள். குரல் உயரவில்லை.

"நீங்க போனதை ஒரு ஆறு வந்து எனக்குச் சொல்லுச்சு. நான் விதவைன்னு ஊர் சொல்லுச்சு. இப்ப சுமங்கலின்னு சொல்லுது. நீங்க செத்தீங்கன்னு அழுது முடிச்சவ நான். மறுபடி உங்களைக் கட்டிக்கிட்டு, மறுபடி உங்களைத் தூக்கிக் குடுத்துட்டு, இன்னொரு தடவை அதை அழ என்னால முடியாது. செத்தவரா இருங்க, இல்லைன்னா உயிரோட இருங்க. ரெண்டுக்கும் நடுவுல என்னை நிக்க வெக்காதீங்க."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?" மாமா தொலைந்துபோன பிள்ளைபோல் கேட்டார்.

"புருஷனுக்குத்தான் பொண்டாட்டி சம்மதம் வேணும். நீங்க பிறந்தே ஒரு வாரம் ஆகலை. கல்யாண வயசா உங்களுக்கு?" அவள் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்து போனது. "உங்க பெரியவர்கிட்ட சொல்லுங்க. அங்க யாரும் பாக்கி இல்லை, கேட்டுட்டேன்னு சொல்லுங்க. இந்தத் தடவை நானே தெரிஞ்சு அனுப்பறேன். நல்லபடியா போங்க. போற இடத்துல உட்காருங்க."

தாலித் தட்டைப் புரோகிதரின் பக்கம் நகர்த்திவிட்டாள். பக்கத்தில் குங்குமக் கிண்ணம் இருந்தது. அதை எடுத்தாள். அக்கா தன் விரலாலேயே தொட்டு, தன் நெற்றியில் தானே வைத்துக்கொண்டாள். முகம் பார்க்கிற கண்ணாடியைத் தேடவில்லை. யாரையும் கேட்கவுமில்லை. எழுந்து புடவையை உதறிக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மாமாவால் எழுந்திருக்க முடியவில்லை. அன்றைக்கு அவர் உட்கார்ந்த மாதிரி நான் ஒருநாளும் அவரைப் பார்த்ததில்லை. புரோகிதர் கிளம்பிப் போனார். நான் மேஜையைப் பழைய இடத்துக்கு இழுத்தேன். அக்கா கண்ணாடி வெட்ட ஆரம்பித்தாள். நெருப்பு தணிந்து, கங்கு சாம்பலாகிற வரைக்கும் மாமா கையைக்கூட அசைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இழுத்த கோடெல்லாம் அன்றைக்கு நேராகப் பிளந்தது.

பிறகு எழுந்தார். சுவரிலிருந்த தன் படத்தை அவரே கழற்றி, ஆணியையும் பிடுங்கி, இரண்டையும் மேஜைமேல் வைத்தார். செருப்புக்குள் காலை விட்டார். தெருமுனையில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். எத்தனையோ தடவை போயிருக்கிறார், திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான். அக்கா தலையை ஆட்டினாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

உறவுக்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பொட்டு வைக்கலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தீரவில்லை. அடுத்த திதி வந்தபோது எள்ளை எடுக்கட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். காக்கைக்கு வேண்டுமானால் சோறு வை, அது ஏன் ஏமாற வேண்டும் என்றாள்.

போன வாரம் கடைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். பூஜை அலமாரிக்கு ஒரு படம் எடுத்தாள். அக்கா அளவு பார்த்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, பேச்சுவாக்கில் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்க இருக்காரு?"

அக்கா கோட்டை இழுத்து முடித்தாள்.

"எங்கன்னு தெரியாதும்மா" என்றாள். "ஆனா இருக்காரு."

அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டாள். சட்டம் கறுப்பு நிறத்தில் வேண்டுமா, பழுப்பு நிறத்தில் வேண்டுமா என்று நான் கேட்டேன்.